மலைப்பாதையில் வண்டி ஓட்டப் பயமா? அந்தப் பயத்தை வளர்க்கும் தவறுகள்

மலையகத்தில் லைசன்ஸ் எடுத்து அலுமாரியில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். தூரத்துத் தோட்டப் பாடசாலைக்குப் போய்வரும் ஆசிரியைகள் பலர் அப்படித்தான். வாசலில் கார் நிற்கும், அவர்கள் விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். கேட்டால், "கொழும்புப் பக்கம்னா ஓட்டிடுவேன், இந்த வளைவுலதான் பயம்" என்பார்கள்.

இதைக் கோழைத்தனம் என்று சொல்வது அநியாயம். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்ல பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இந்த வீதிகளிலேயே போய்வருகிறவர்களுக்குப் பயம் வராமல் இருக்குமா?

தவறு பயப்படுவதில் இல்லை. எல்லாப் பயத்துக்கும் "தைரியமா இரு" என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதுதான் தவறு. ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுக்கத் தெரியாதவருக்கு வரும் பயம் நியாயமான எச்சரிக்கை. அவருக்குத் தேவை பயிற்சி. எல்லாம் தெரிந்தும் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது என்றால் அது வேறு, அதற்கான வழியும் வேறு.

தெரியாமையை முதலில் பார்ப்போம். சமதரையில் பழகி லைசன்ஸ் வாங்கியவருக்கு ஹட்டன் டவுன் ஏற்றத்தில், பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது வண்டியை எடுப்பது பெரிய சோதனை. வண்டி பின்னால் உருளுமோ என்ற பதற்றத்தில் ஹாஃப் கிளச்சிலேயே பிடித்து நிற்பார்கள், கிளச் தேய்ந்துபோகும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் சத்தம் தாழ்ந்து வண்டி முன்னால் போகத் துடிக்கும் இடம் காலுக்குத் தெரியும். அங்கே கொஞ்சம் அக்சலரேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். பின்னால் யாரும் வராத தோட்டப் பாதையில் இதைக் காலுக்குப் பழகும்வரை செய்து பார்த்துவிட்டு அப்புறம் டவுனுக்குப் போகலாம்.

இறக்கம் இதைவிட முக்கியம், ஏனென்றால் இங்கே பயமே ஆபத்தை உண்டாக்குகிறது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்குப் போனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். பயந்தவர் வழிநெடுக பிரேக்கில் காலை வைத்தபடியே வருவார். பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டால் பெடல் தொளதொளவென்று உள்ளே போகும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போடுங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். ஓட்டோ கியர் வண்டியிலும் டி-யிலேயே (D) விட்டுவிடாமல் எல் (L), பி (B), எஸ் (S) என்று உங்கள் வண்டியில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

வளைவில் பள்ளத்தைப் பார்ப்பதும் வேண்டாம். கண் போகும் பக்கம் கை போகும். வளைவு முடிந்து பாதை வெளிவரும் இடத்தைப் பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நடுக்கம் போகவில்லையா? அங்கேதான் மிகப் பெரிய தவறு காத்திருக்கிறது: ஓட்டாமலே இருந்துவிடுவது. பாதி வழியில் திரும்பினால் உடனே நிம்மதி வரும். ஆனால் "திரும்பியதால்தான் தப்பினேன்" என்று உடம்பு படித்துக்கொள்ளும், அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரமே வரும். இதன் மறுபக்கத் தவறு, ரோசத்தோடு முதல் நாளே றம்பொடையில் இறங்குவது. இரண்டுக்கும் நடுவில் படிப்படியாகப் போக வேண்டும். நுவரெலியாக்காரர் என்றால் ஞாயிறு காலையில் கிரகரி வாவி ஓரம் ஓட்டலாம். அது அலுத்துப்போகும் அளவுக்கு ஓட்டிய பிறகு நானுஓயா, அப்புறம் தலவாக்கலை. ஒரு பாதையில் படபடப்பு தானாக அடங்கும்வரை அதே பாதையில் திரும்பத் திரும்பப் போங்கள். படபடப்பு உச்சத்துக்குப் போகும், ஆனால் அங்கேயே நிற்காது. தாங்க முடியாவிட்டால் வளைவில் நிறுத்தாமல், அகலமான இடத்தில் ஓரம் கட்டி ஹசாட் லைட்டைப் போட்டு, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். அடங்கியதும் போகவிருந்த திசையிலேயே போங்கள்.

பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். "பிரேக்! பிரேக்!" என்று கத்தும் அண்ணனும், முன் சீட்டில் கண்ணை மூடிக்கொள்ளும் கணவரும் பழக்குவது பயத்தைத்தான். நிதானமான ஒருவர் தொடக்கத்தில் வரட்டும், பிறகு அவர் இல்லாமலும் ஓட்டுங்கள். பின்னால் ஹார்ன் அடிப்பவருக்காக வேகம் கூட்ட வேண்டாம், இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழி விடுங்கள். நடுக்கத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டோ, ஒரு மடக்குக் குடித்துவிட்டோ ஓட்டுவது கூடவே கூடாது.

விபத்தில் சிக்கியவர்களுக்கு இந்தப் படிப்படி முறை மட்டும் போதாமல் போகலாம். ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி கனவில் வருகிறது, பஸ்ஸில் ஏறவே உடம்பு மறுக்கிறது என்றால் அரச மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மூடுபனியில் எதிரே எதுவும் தெரியாத மாலையிலும், மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளிலும் வண்டியை எடுக்காமல் இருப்பதைப் பயத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்த அனுபவசாலியும் அன்று அதைத்தான் செய்வார். ஆனால் அந்த ஓட்டத்தை எந்த நாளுக்குத் தள்ளிவைக்கிறீர்கள் என்று அப்போதே முடிவு செய்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.