மூன்று வயதுக் குழந்தைக்கு வடிவங்கள் சொல்லிக்கொடுப்பது எப்படி?

கடையில் விற்கும் வடிவச் சார்ட்டுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு முக்கோணம்தான் இருக்கும். மூன்று பக்கமும் சமம், அடிப்பக்கம் கீழே, கூர்முனை மேலே. அதை மட்டுமே பார்த்துப் பழகிய குழந்தையிடம் அதே படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுங்கள். "இது முக்கோணம் இல்ல" என்று சொன்னாலும் சொல்லும். இந்த வயதில் பிள்ளைகள் பக்கத்தையோ மூலையையோ எண்ணுவதில்லை, மொத்தத் தோற்றத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்கிறார்கள். நெதர்லாந்தின் கணித ஆசிரியர்களான வான் ஹீலே தம்பதி 1957-இல் இதைத்தான் வடிவியல் சிந்தனையின் முதல் நிலையாக வகுத்தார்கள். ஆகவே ஒரு வடிவத்தைப் பல உருவில் காட்டியாக வேண்டும். அதற்கு சார்ட் போதாது, அட்டைதான் சரி.

படி 1: அட்டைகளை வெட்டுதல்

ஒரு பழைய அட்டைப்பெட்டி, ஒரு சார்ட் பேப்பர், கோந்து, ஸ்கேல், காம்பஸ், பேப்பர் கட்டர் இருந்தால் போதும். சார்ட்டை அட்டையில் ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டுங்கள். ஈரத்தோடு வெட்டினால் ஓரம் பிசிறும்.

வட்டம்: விட்டம் 6, 9, 12 செ.மீ. என மூன்று.
சதுரம்: பக்கம் 6, 8, 10 செ.மீ. என மூன்று.
செவ்வகம்: 6×9, 5×12, 4×14 செ.மீ. என மூன்று.
முக்கோணம்: நான்கு. பக்கம் 9 செ.மீ. உள்ள சமபக்க முக்கோணம். 6-க்கு 10 செ.மீ. அளவில் செங்கோண முக்கோணம். அடி 5, உயரம் 14 செ.மீ. உள்ள ஒல்லி முக்கோணம். ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும் விரிகோண முக்கோணம்.

இவற்றோடு ஐந்து 'போலி'கள்: முட்டை வடிவம், ஒரு பக்கம் மட்டும் வளைந்த முக்கோணம், மூலை மழுங்கிய சதுரம், சாய்ந்த இணைகரம், ஒரு ஓரம் நறுக்கிய வட்டம். ஆக 18 துண்டுகள். இதைவிடச் சிறிதாக வெட்ட வேண்டாம், சின்னத் துண்டு நேராக வாய்க்குத்தான் போகும்.

எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முக்கோணமெல்லாம் மஞ்சள், சதுரமெல்லாம் நீலம் என்று வெட்டினால் குழந்தை நிறத்தைப் பார்த்தே சரியாகச் சொல்லிவிடும். நாம் கைதட்டுவோம். மறுநாள் பச்சை முக்கோணத்தைக் காட்டும்போதுதான் குட்டு வெளிப்படும்.

படி 2: இரண்டு வடிவம், மூன்று கட்டம்

வட்டத்தையும் முக்கோணத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சதுரத்தையும் செவ்வகத்தையும் சேர்த்து ஆரம்பித்தால் குழப்பம்தான். மாண்டிசோரி வகுப்புகளில் நடக்கும் முறை இது:

முதலில் பெயர் மட்டும். "இது வட்டம். இது முக்கோணம்." வேறு பேச்சு வேண்டாம்.

அடுத்து, "வட்டத்தை எடுத்துக் குடு கண்ணா", "முக்கோணத்தைத் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வை" என்று வேலை சொல்லுங்கள். அதிக நேரம் இந்தக் கட்டத்துக்குத்தான் போக வேண்டும். நாம் பெரும்பாலும் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

கடைசியில்தான் "இது என்ன?" பதில் தவறினால் "தப்பு" என்று சொல்லாமல் இரண்டாம் கட்டத்துக்கே திரும்புங்கள். ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். குழந்தை எழுந்து ஓடினால் பாடம் முடிந்தது.

படி 3: விரலால் தடவுதல்

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து ஓரத்தை ஒரு சுற்றுத் தடவச் சொல்லுங்கள். வட்டத்தில் விரல் நிற்காமல் ஓடும். முக்கோணத்தில் மூன்று இடத்தில் திரும்பியாக வேண்டும். திரும்பும்போதெல்லாம் "மூலை" என்று சேர்ந்து சொல்லுங்கள். பிறகு துணிப்பையில் போட்டுப் பார்க்காமலே தடவிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

படி 4: திருப்பிக் காட்டுதல், போலியைக் கலத்தல்

முக்கோணத்தைக் குழந்தையின் கண்முன்னாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். "இப்பவும் முக்கோணம்தானா?" இல்லை என்றால் மூலைகளைத் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். சாலையில் 'வழி விடு' பலகை தலைகீழ் முக்கோணம்தான், போகிற வழியில் காட்டுங்கள்.

அடுத்து நான்கு முக்கோணங்களோடு வளைந்த போலியைக் கலந்து, "இதுல ஒண்ணு நம்மள ஏமாத்துது, எது?" என்று கேளுங்கள். ஒல்லி முக்கோணத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்தால் திட்ட வேண்டாம். அதையும் சமபக்க முக்கோணத்தையும் அருகருகே வைத்து, இரண்டிலும் மூலைகளை எண்ணச் சொல்லுங்கள்.

படி 5: சதுரமும் செவ்வகமும்

நான்கில் கடைசியாக வருவது செவ்வகம், அவசரப்பட வேண்டாம். ஒரு ஏ4 தாளை எடுத்து, ஒரு மூலையை மடக்கிக் குட்டைப் பக்கத்தை நீளப் பக்கத்தோடு பொருத்துங்கள். மிஞ்சும் பட்டையை வெட்டிவிட்டால் 21 செ.மீ. சதுரம் கையில், வெட்டிய பட்டை ஒரு செவ்வகம். இரண்டையும் மூலைக்கு மூலை மடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சதுரத்தில் ஓரங்கள் கச்சிதமாகப் பொருந்தும், செவ்வகத்தில் பிதுங்கி நிற்கும்.

சதுரத்தைக் காட்டி குழந்தை "செவ்வகம்" என்றால் "இல்லை" என்று மறுக்காதீர்கள். கணக்குப்படி சதுரமும் ஒருவகைச் செவ்வகம்தான். இன்று மறுத்தால் மேல்வகுப்பில் அதை அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். "ஆமா, இதுல நாலு பக்கமும் சமமா இருக்கு, அதனால சதுரம்னு தனிப்பேரு" என்று சொன்னால் போதும். கூர்முனையில் நிற்க வைத்த சதுரமும் சதுரமே, 'டைமண்ட்' ஆகிவிடாது.

படி 6: வீட்டுக்குள் தேடல்

கேரம் போர்டு ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்: பலகை சதுரம், காயின் வட்டம். கதவு, ஜன்னல், கிண்ணத்தின் வாய், கோலத்தின் முக்கோணம் என்று தேடவிடுங்கள். பந்தை வட்டம் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள், அது உருண்டை. தோசையைக் காட்டுவதாக இருந்தால் நன்றாக வார்த்தது வரட்டும்.

வடிவத்தை அடையாளம் சொல்லும் பிள்ளைக்கு அதை வரையவும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பார்த்து வட்டம் வரைவது பொதுவாக 3 வயதில் வரும். சதுரத்துக்கு 4, நாலரை வயதாகும். முக்கோணம் 5 வயதை ஒட்டித்தான் கைக்கு வரும்.