குரலை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

பிள்ளையின் குரலை ஏஐ மூலம் நகலெடுத்து, ஆபத்தில் இருப்பதாகப் போனில் அழுது பணம் பறிக்கிறார்கள் மோசடிக்காரர்கள். "என் பிள்ளை குரல் எனக்குத் தெரியாதா?" என்ற நம்பிக்கைதான் முதல் தவறு. மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்த வால்-ஈ என்ற ஏஐ, மூன்று விநாடிப் பதிவைக் கேட்டாலே அதே குரலில் பேசிவிடும். அதே ஆண்டு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் நடத்திய ஆய்வில், போலிக் குரலை 73 சதவீத நேரம்தான் மக்களால் கண்டுபிடிக்க முடிந்தது. அவர்களோ, இது சோதனை என்று தெரிந்தே காது கொடுத்தவர்கள். பதறிப்போய் போனை எடுக்கும் தாய்க்கு அந்த நிதானம் ஏது?

அந்த அழைப்பைக் கவனியுங்கள். "அம்மா, நான்தான்மா... ஆக்சிடென்ட் ஆயிடுச்சு" என்று ஓர் அழுகை. உடனே போன் கைமாறி, "நான் வக்கீல் பேசுறேன்" என்று வேறொருவர் வருவார். போலிக் குரலுக்கு அந்தச் சில விநாடிதான் வேலை. அதில் இருக்கும் பிசிறை அழுகையும் இரைச்சலும் மூடிவிடும். அப்போது "யாரு, கார்த்தியா?" என்று நாமே பெயரை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். சோதிப்பதாக நினைத்து, படித்த பள்ளியையும் நாய்க்குட்டியின் பெயரையும் கேட்கிறோம். அதெல்லாம் பிள்ளையின் பேஸ்புக்கிலேயே கிடக்கிறது!

போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே சேமித்து வைத்த எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். திரையில் மகன் பெயரே வந்திருந்தாலும் சரி. எண்ணையும் போலியாகக் காட்ட முடியும். அவன் எடுக்கவில்லையா, கூட இருப்பவர்களைக் கேளுங்கள். "கட் பண்ணாதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று மிரட்டினால், தயங்காமல் கட் பண்ணுங்கள்.

குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளச் சொல்லி அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2024 டிசம்பரில் அறிவுறுத்தியது. நல்ல யோசனை. ஆனால் அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வைக்காதீர்கள், நேரில் சொல்லுங்கள்.

பேஸ்புக் போன்ற சமூக வலைத்தளக் கணக்கை பிரைவேட் ஆக்கிவிட்டால் கவலையில்லை என்றும் இருந்துவிடக் கூடாது. நண்பர் பொதுவில் போட்ட பிறந்தநாள் வீடியோவில் உங்கள் குரல் இருக்கலாம். ஆக்குவது நல்லதுதான், அதையே காவலாக நினைக்காதீர்கள்.

வங்கிக் கணக்குக்குக் குரலையே பாஸ்வேர்டாக வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். 15 விநாடிப் பதிவில் குரலை நகலெடுக்கும் கருவியை 2024 மார்ச்சில் அறிவித்த ஓப்பன்ஏஐ நிறுவனமே, இந்த முறையைக் கைவிடச் சொன்னது.

தலைவர்கள் பேசியதாக வரும் ஆடியோவை ஃபார்வர்ட் செய்வதும் தவறுதான். 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநில வாக்காளர்களை, கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் ஓட்டுப் போட வேண்டாம் என்று, அப்போதைய அதிபர் பைடனின் போலிக் குரலிலேயே போனில் தடுக்கப் பார்த்தார்கள்.

பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைப்பதுதான் பெரிய இழப்பு. உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு போலீஸுக்கு. ஆடியோ, எண், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். ஏமாந்தவர் உங்கள் அம்மாவாக இருந்தால், "இதுகூடத் தெரியலையா?" என்று கேட்காதீர்கள். அடுத்த அழைப்பு வரும்போது அவர் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.