கேம்பர் வேனில் பினாங்கு போகும் ஜோடிக்கு: கேம்ப் சைட் காலை வாரினால் என்ன செய்வது?

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். காரில் நான்கு மணி நேரம் என்பார்கள், கேம்பர் வேனில் அந்தக் கணக்கு ஆகாது, காற்றடித்தால் வண்டி ஆடும், கொஞ்சம் வேகமெடுத்தால் பின்னால் பாத்திரமெல்லாம் உருளும். ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, காலையில் பசியாறியதும் கிளம்புங்கள். வழியில் தாப்பா, சுங்கை பேராக் என்று ஓய்விடங்கள் இருக்கின்றன. சாலையைப் பற்றி அவ்வளவுதான். தலைவலி ராத்திரி தங்கும் இடத்தில்தான் வரும்.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேள்வி கேளுங்கள், அதுவும் போனில் இல்லை, வாட்ஸ்அப்பில், எழுத்தில். "இடம் நல்லா இருக்குமா?" என்று கேட்டால் "இருக்கும்" என்றுதான் பதில் வரும். வேன் நிற்பது புல்லிலா சரளைக்கல்லிலா, மழை பெய்தால் டயர் புதையுமா, மின்சாரம் ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பிளக்கா அல்லது எல்லாரும் ஒரே வயரிலா, ராத்திரி முழுக்க இருக்குமா, கழிப்பறையில் குழாய்த் தண்ணீர் வருமா என்று கேளுங்கள். கரோக்கே உண்டா, எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்பதையும் விடாதீர்கள் (சிரிக்காதீர்கள், நம் நாட்டில் இது முக்கியமான கேள்வி). கழிப்பறையை இன்றைக்கு எடுத்த வீடியோவாக அனுப்பச் சொல்லுங்கள். நல்ல இடமாக இருந்தால் உடனே அனுப்புவார்கள்.

இன்னொன்று, உரிமம் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஒரு முகாம் இடத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்களே, அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இல்லை. சரிவுக்கு அடியில் நிறுத்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆற்றை ஒட்டியும் வேண்டாம். கெப்பாலா ஆயர் எனும் திடீர் ஆற்றுவெள்ளம் வரும்போது நம் தலைக்கு மேல் மழையே இருக்காது, மலையில் கொட்டிய தண்ணீர் திடீரென்று பாய்ந்து வரும்.

நாலு மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரி. இங்கே ஏழே கால், ஏழரைக்குத்தான் இருட்டும், அதனால் இடம் சரியில்லை என்றால் வேறு இடம் தேட வெளிச்சம் கையில் இருக்கும். போனதும் மேசை நாற்காலியை இறக்காதீர்கள். ஒருவர் கழிப்பறையைப் பார்க்கட்டும், இன்னொருவர் பிளக்கில் போன் சார்ஜரைச் சொருகிப் பார்க்கட்டும். பினாங்குத் தீவில் பாலிக் புலாவ் பக்கம் ஓர் இடத்தில் எங்களுக்கு 24 மணி நேர மின்சாரம் என்று சொல்லியிருந்தார்கள், போய்ப் பார்த்தால் ஜெனரேட்டர், ராத்திரி பதினொன்றுக்கு அணைத்துவிடுவார்களாம். கழிப்பறையில் வாளி இருந்தது, தண்ணீர் இல்லை. பொறுப்பாளரைக் கேட்டால் "நேத்து வரைக்கும் இருந்துச்சு" என்றார்.

இந்த மாதிரி நேரத்தில் சண்டை வெளியாளோடு வராது, உங்கள் இருவருக்குள் வரும். "கட்டின காசு வீணாப் போகுதே" என்பார் ஒருவர். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலே கிளம்பிவிட வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. நான் "என்னங்க, போயிடலாமா?" என்றேன், அவர் சாவியை எடுத்தார், அன்றைக்கு ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சாப்பிட்டுவிட்டு ஹோட்டலில் தூங்கினோம். மாற்று ஹோட்டல் ஒன்றின் நம்பரை முன்கூட்டியே போனில் வைத்திருங்கள். பார்க்கிங்கில் உயரத் தடை எவ்வளவு என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள், கூரையில் ஏர்கான் வைத்த வேன் பல பேஸ்மென்டுகளில் நுழையாது.

வேறு வழியில்லை, அங்கேயே தங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மழைக்குப் பயந்து கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கேஸ் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். எஞ்சினை ஓடவிட்டு ஏர்கானில் தூங்கவும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

அப்புறம் பணம். கிளம்புவதற்கு முன்னால் படமும் வீடியோவும் எடுத்து, குறையைப் பொறுப்பாளருக்கு அங்கேயே வாட்ஸ்அப்பில் எழுதி, எவ்வளவு திரும்ப வேண்டும் என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், எழுத்தில் இருந்தால் போதும். பதிலே வரவில்லை என்றால், திரிபுனல் என்று எல்லாரும் சொல்லும் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கோரலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பணம் கட்டிய ரசீது, அவர்கள் முதலில் கொடுத்த வாட்ஸ்அப் பதில்கள், நீங்கள் எடுத்த படங்கள், மூன்றையும் அச்சடித்துக் கையோடு கொண்டு போங்கள்.