ஏபி பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளிடம், "சாட் சப்ஜெக்ட் டெஸ்ட் ரெண்டு எழுதி வை" என்று இன்னும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்திலும் தனியாக அறிவைச் சோதித்த அந்தத் தேர்வுகளே இப்போது கிடையாது. அவற்றை நிறுத்துவதாக 2021 ஜனவரியில், தேர்வுகளை நடத்தும் அமெரிக்க அமைப்பான காலேஜ் போர்டு அறிவித்தது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு மட்டும் அந்த ஆண்டு ஜூன் வரை அவகாசம் கிடைத்தது. யாராவது அதற்கான பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்தால் வாங்கி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு பாடத்தில் நமக்குள்ள ஆழத்தைக் காட்ட இன்று பலரும் எழுதுவது ஏபி (Advanced Placement) தேர்வுகள், அதாவது பள்ளியில் இருக்கும்போதே எழுதும் கல்லூரி அளவிலான தேர்வுகள். ஏறக்குறைய நாற்பது பாடங்கள், 1 முதல் 5 வரை மதிப்பெண். இவற்றில் எதை எழுதுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

பாடப் பட்டியலைத் திறப்பதற்கு முன் நாள்காட்டியைத் திறங்கள். ஏபி ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில் நடக்கிறது. முடிவுகள் ஜூலையில் வரும். கல்லூரி விண்ணப்பங்களோ பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரிக்குள் போய்விடுகின்றன. மார்ச் முடிவதற்குள் பெரும்பாலான கல்லூரிகள் பதிலும் சொல்லிவிடும். அப்படியானால், பள்ளியின் கடைசி ஆண்டு மே மாதம் எழுதும் தேர்வின் மதிப்பெண் உங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர்களின் கண்ணிலேயே படாது. சேர்ந்த பிறகு கிரெடிட் (அந்தப் பாடத்தைக் கல்லூரியில் முடித்ததாகக் கணக்கில் கொள்வது) வாங்க உதவலாம், அவ்வளவுதான். முதலில் இரண்டு, கடைசி ஆண்டில் ஐந்து என்று திட்டம் போடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த ஐந்துக்கான உழைப்பும் விண்ணப்பத்தில் மதிப்பெண்ணாக இடம்பெறப் போவதில்லை. ஆகவே சேர்க்கைக்கு உதவ வேண்டிய பாடங்கள் கடைசி ஆண்டுக்கு முந்தைய மே மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு மிகவும் பிடித்த பாடத்தின் முக்கியப் பகுதி கடைசி ஆண்டில்தான் பள்ளியில் வருகிறதென்றால், முன்கூட்டியே தானாகப் படிக்க முடியுமா என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். முடியாதென்றால், அதை விட்டுவிட்டு ஏற்கெனவே கைவந்த பாடத்தை எடுப்பதில் தவறே இல்லை.

அடுத்து, ஒரே பாடத்துக்குள் உள்ள வகைகள். "இயற்பியல் எழுதுகிறேன்" என்று சொன்னால் போதாது, அதில் மட்டுமே நான்கு தேர்வுகள் உண்டு. இயற்பியல் 1, 2 இரண்டும் இயற்கணித அளவில் நிற்பவை. இயற்பியல் சி இயக்கவியலும் மின்காந்தவியலும் நுண்கணிதம் கேட்பவை. பொறியியல் படிக்கப் போகிறவருக்கு சி பொருத்தம். பெயரில் 1 இருக்கிறதே, சுலபமாக இருக்கும் என்று இறங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். காரணத்தை வார்த்தைகளில் விளக்கச் சொல்லும் தேர்வு அது. சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பழகியவர்கள் அங்கேதான் திணறுகிறார்கள்.

நுண்கணிதத்தில் AB, பிசி (BC) என்று இரண்டு தேர்வுகள். பிசி என்பது AB பகுதி முழுவதையும் உள்ளடக்கியது. பிசி எழுதினால் AB பகுதிக்கான உப மதிப்பெண்ணும் சேர்ந்தே வரும். ஒரே ஆண்டில் இரண்டையும் எழுத அனுமதியும் இல்லை. பிசிக்குத் தயாராக முடிந்தால் நேராக அதையே எழுதுங்கள். கணினியில், ஜாவா நிரல் எழுதச் சொல்லும் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ வேறு, பொது அறிமுகமான பிரின்சிபிள்ஸ் வேறு. கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்பவர் ஒன்றைத்தான் எழுத முடியும் என்றால் ஏ-வையே எடுக்கச் சொல்வேன்.

எத்தனை சதவீதம் பேர் 5 வாங்குகிறார்கள் என்ற புள்ளிவிவரத்தை வைத்துப் பாடம் எடுப்பதும் தவறு. நுண்கணிதம் பிசியில் 5 வாங்குபவர்கள் அதிகம் என்றால், கணக்கில் தேர்ந்தவர்களே பெரும்பாலும் அதை எழுதுகிறார்கள் என்பது அதற்கு முக்கியக் காரணம். சீன மொழித் தேர்வில் வீட்டிலேயே அந்த மொழி பேசுபவர்கள் நிறைய. எழுதுபவர் யார் என்று பாருங்கள், அப்புறம் எண்ணைப் பாருங்கள்.

கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு சாட் என்ற பொதுத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை; ஆனால் ஏபி மதிப்பெண்ணைக் குறிப்பிடலாம், பெரும்பாலான பாடங்களில் 3-க்கே கிரெடிட் உண்டு. கால்டெக் என்ற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஏபிக்குக் கிரெடிட்டே இல்லை. சாட்டுக்குப் பதில் ஏபி மதிப்பெண்ணையும் கொடுக்கலாம் என்று யேல் பல்கலைக்கழகம் 2024-இல் அறிவித்தபோது, அந்த வழியில் வருபவர்கள் அதுவரை எழுதிய எல்லா ஏபி முடிவுகளையும் தர வேண்டும் என்றது. இப்படிப்பட்ட இடத்தில், எண்ணிக்கைக்காக அரைகுறையாக எழுதிய தேர்வு நன்றாக எழுதியவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். நீங்கள் படிக்க விரும்பும் துறையை ஒட்டி மூன்று பாடங்களை உருப்படியாக எழுதுவது, தொடர்பில்லாத ஏழைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து. விதிகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையும் நேரடியாகப் படித்துவிடுங்கள்.

அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எல்லா மையங்களும் எல்லாப் பாடங்களையும் நடத்துவதில்லை. சில பள்ளிகள் தங்கள் மாணவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். ஏபியில் உள்ள செமினார், ரிசர்ச் என்ற இரண்டு பாடங்களையும் தனித்தேர்வராக எழுதவே முடியாது. மே மாதத் தேர்வுக்கான பதிவு முந்தைய ஆண்டின் இறுதிக்குள்ளேயே முடிந்துவிடலாம். அதனால் புத்தகம் வாங்குவதற்கு முன், அந்தப் பாடத்துக்கு உங்களைப் பதிவு செய்துகொள்ளும் மையம் இருக்கிறதா என்று ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விசாரித்துவிடுங்கள்.