பேட்டி நிகழ்ச்சி நடத்த வரும் பெண்களுக்கு: விருந்தினர் உட்காரும் முன்பும் எழுந்த பின்பும்

செய்தி நன்றாக வாசிப்பவர் பேட்டியும் நன்றாக எடுப்பார் என்று நம்பி ஆள் போடுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு வேலை. பின்னாளில் பேட்டி நிகழ்ச்சியால் உலகப் புகழ் பெற்ற ஓப்ரா வின்ஃப்ரே 1976-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றில் மாலைச் செய்தி வாசிக்க வந்து, அடுத்த ஆண்டே அந்த நாற்காலியை இழந்தார். 1978-ல் அதே நிலையம் அவரை உரையாடல் நிகழ்ச்சி ஒன்றின் இணைத் தொகுப்பாளராக உட்கார வைத்தது. செய்தியில் குறையாகத் தெரிந்த அவரது நெகிழ்ச்சி அங்கே பலமாக மாறியது. இந்த வேலைக்கு முதலில் வேண்டியது காது. அது விருந்தினரிடமே இருக்க வேண்டுமானால் மற்றதெல்லாம் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

கேள்வியில் தொடங்குவோம். 24 நிமிடப் பேட்டிக்கு 12 கேள்விகள் போதும். அதில் ஏழெட்டுதான் கேட்க முடியும். விருந்தினர் முன்பு கொடுத்த பேட்டிகளில் மூன்றையாவது முழுதாகப் பாருங்கள். மூன்றிலும் ஒரே வாக்கியங்களில் சொன்ன கதை எதுவோ, அதை நீங்களே இரண்டு வரியில் அறிமுகத்தில் சொல்லிவிடுங்கள். அவர் அதற்குப் பிறகு நடந்ததிலிருந்து பேசத் தொடங்குவார். ஒவ்வொரு கேள்வியையும் அட்டையில் நான்கைந்து சொல்லாக மட்டும் எழுதுங்கள். முழு வாக்கியமாக எழுதினால் கண் அட்டையிலேயே ஒட்டிக்கொள்ளும், பதிலில் நழுவி வந்த முக்கியமான சொல் காதில் விழாது.

முதல் கேள்வி, ஒரு இடத்தையோ ஒரு நாளையோ கண்முன் கொண்டுவருவதாக இருக்கட்டும். "உங்கள் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் மனப்பாடம் செய்த பதில்தான் வரும். "முதல் நாள் அந்த அறைக்குள் போனபோது யார் யார் இருந்தார்கள்?" என்றால் நினைவு வேலை செய்யத் தொடங்கும். இரண்டு கேள்விகளை ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள்; விருந்தினர் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கடினமானதைக் கடந்துவிடுவார். கடினமான கேள்வி 24 நிமிடத்தில் பதினான்காவது, பதினைந்தாவது நிமிடத்தில் வரட்டும். அதற்கு முன் நம்பிக்கை உருவாகியிருக்காது. கடைசி இரண்டு நிமிடத்தில் கேட்டால் அவருக்கு விளக்க நேரம் இருக்காது. அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ரிசர்ச் குழுவினர் விருந்தினரிடம் தொலைபேசியில் முன்கூட்டிப் பேசுவது வழக்கம். அந்த அழைப்பில் தேதி, பெயர், நடந்த வரிசையை மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி சார்ந்த கேள்வியை அங்கேயே கேட்டுவிட்டால் படப்பிடிப்பில் "அன்றைக்குச் சொன்னேனே" என்று பதில் சுருங்கிவிடும்.

பதில் முடிந்ததும் மூன்று நொடி பேசாமல் இருங்கள், கண்ணை மட்டும் எடுக்காதீர்கள். தொடக்கத்தில் அந்த மூன்று நொடி மிக நீளமாகத் தெரியும், ஆனால் பேட்டியின் சிறந்த வரி பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். "ம்ம்", "ஆமா ஆமா" என்று குரல் கொடுக்காமல் தலையை மட்டும் அசையுங்கள். உங்கள் குரல் அவர் குரல் மேல் ஏறிவிட்டால் எடிட் செய்பவரால் அந்த இடத்தை வெட்டவே முடியாது.

மைக்கைத் தொகுப்பாளரும் கவனிக்க வேண்டும். சட்டையில் குத்தும் காலர் மைக் முகவாய்க்கு 15 முதல் 20 செ.மீ. கீழே, நெஞ்சின் நடுவில் இருக்கட்டும். விருந்தினர் எப்போதும் உங்கள் பக்கமே திரும்பியிருப்பார் என்றால் அந்தப் பக்கமாகச் சற்றுத் தள்ளிக் குத்தலாம். கழுத்துச் சங்கிலி, தோளில் புரளும் முடி, சரசரக்கும் பட்டு, கஞ்சி போட்ட துணி இவையெல்லாம் மைக்கில் உரசும்; பதிவான உரசலைப் பிறகு முழுதாக நீக்க முடியாது. வயரை ஒரு சிறு வளையமாகச் சுருட்டித் துணிக்குள் ஒட்டினால் இழுபடும் சத்தம் மைக் வரை ஏறாது. பதிவுக் கருவியின் ஒலி அளவுகாட்டியில் உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி கிழியும், சிரிப்பு வெடிக்கும் இடத்தில்தான் அது நடக்கும். எல்லோரும் எழுவதற்கு முன் 30 நொடி அமைதியாக உட்கார்ந்து அறையின் சத்தத்தைத் தனியாகப் பதியுங்கள். வெட்டு விழும் இடங்களை ஒட்டுப்போட அது தேவைப்படும்.

நாற்காலிகள் நேருக்கு நேராக வேண்டாம். சற்றுச் சாய்வாகப் போட்டு, முழங்கால்களுக்கு நடுவே ஒரு கை நீளம் விடுங்கள். விருந்தினரை எடுக்கும் கேமரா உங்கள் தோளை ஒட்டி, அவர் கண் மட்டத்தில் இருந்தால் இரண்டு கண்களும் தெரியும். எத்தனை கேமரா இருந்தாலும் எல்லாம் உங்கள் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் திரையில் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போலத் தெரியும்.

குரல் விஷயத்தில் பெண்களுக்குக் கிடைக்கும் மோசமான அறிவுரை, "கொஞ்சம் இறக்கிப் பேசு" என்பது. இயல்பான சுருதிக்குக் கீழே அழுத்திப் பேசினால் வாக்கியத்தின் கடைசியில் குரல் கரகரக்கும், நாள் முழுக்கப் படப்பிடிப்பு என்றால் மாலையில் கட்டிவிடும். சுருதியை விட்டுவிட்டு வேகத்தைக் குறையுங்கள். படப்பிடிப்புக்கு முன் ஐந்து நிமிடம் வாயை மூடி முனகுங்கள், உதடுகளை அதிர விடுங்கள். தொண்டையைச் செருமுவதற்குப் பதில் தண்ணீர் ஒரு மிடறு. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இணைத் தொகுப்பாளர் இருந்தால் யார் எதைக் கேட்பது என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே காகிதத்தில் முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் பார்பரா வால்டர்ஸ் 1970-களின் தொடக்கத்தில் காலை நிகழ்ச்சியில் இருந்தபோது, முக்கியமான விருந்தினர் வந்தால் முதல் மூன்று கேள்விகளை ஆண் தொகுப்பாளர் கேட்ட பிறகே அவர் வாய் திறக்கலாம் என்று விதி இருந்தது. அரங்குக்கு வெளியே எடுக்கும் பேட்டிகளை அந்த விதி கட்டுப்படுத்தாததால், அவரே தேடிப்போய்ப் பேட்டிகள் பிடித்தார். அந்தப் பேட்டிகள்தான் அவரை மேலே கொண்டுபோயின. 1976-ல் அமெரிக்கத் தேசிய அலைவரிசை ஒன்றின் மாலைச் செய்தியில் இணைத் தொகுப்பாளராக அமர்ந்த முதல் பெண் அவர். மேசையில் இடம் குறுகினால் நீங்களும் சொந்தமாக ஒரு பேட்டியைப் பிடித்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

துயரத்தைப் பேச வருபவரிடம் கேமரா ஓடுவதற்கு முன் மூன்றைக் கேட்க வேண்டும்: எதைப் பேச வேண்டாம், பெயரும் முகமும் வரலாமா, இதனால் வீட்டில் வேறு யார் பாதிக்கப்படுவார்கள். அழுதால் உடனே கைக்குட்டையை நீட்டாதீர்கள். "அழுகையை நிறுத்துங்கள்" என்று சொல்வதாகவே அவருக்குப் படும். கைக்கு எட்டும் இடத்தில் முன்பே வைத்துவிடுங்கள், அவரே எடுத்துக்கொள்ளட்டும். மறுநாளும், ஒளிபரப்பாகும் நாளிலும் நீங்களே அழைத்துப் பேசுங்கள். உதவியாளரை விட்டுப் பேசச் செய்வது போதாது.

உங்கள் நிகழ்ச்சியை ஒரு முறை திரையைப் பார்க்காமல் ஒலியாக மட்டும் கேட்டு, எத்தனை முறை குறுக்கே பேசினீர்கள் என்று கோடு போடுங்கள். கால் பங்கு நேரத்துக்கு மேல் உங்கள் குரலே ஓடினால் கேள்விகள் நீளம் என்று பொருள்.

ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: பதிவுகளின் உரிமை யாருக்கு, விலகிய பின் எத்தனை மாதம் வேறு நிலையத்தில் தோன்றக் கூடாது, நிகழ்ச்சியின் பெயரில் உங்கள் பெயர் இருந்தால் அது யாருடையது. ஓப்ரா 1988-ல் தன் நிகழ்ச்சியின் தயாரிப்பையே தன் நிறுவனமான ஹார்ப்போவின் கைக்குக் கொண்டுவந்தார். அந்த அளவு உடனே முடியாது. முழு நிகழ்ச்சியின் ஒரு பிரதி உங்களுக்கு என்பதை எழுதி வாங்குவது முதல் ஒப்பந்தத்திலேயே முடியும். ஒளிபரப்பான வாரமே அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள், இடப் பற்றாக்குறையில் முதலில் அழிக்கப்படுபவை பழைய பதிவுகள்தான்.