அல்ஃபைத் தோணியில் ஏற்றுவது எப்படி?

"ரீச்சர், நாய வளத்தது அவன்தானே? மறுகா ஏன் அவன ஏத்தாமப் போறாங்க?"

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து நாவலடிப் பொடியன் ஒருவன் கேட்ட கேள்வி இது. அவனுடைய அப்பன், பாட்டன் எல்லாரும் கடல்தொழில். எனிட் பிளைட்டனின் ஃபேமஸ் ஃபைவ் தொடரின் முதல் புத்தகத்தை அன்று வாசித்துக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிப்பேன், பிறகு அதைத் தமிழில் சொல்லுவேன். சின்ன வயதிலிருந்து அந்தத் தொடரோடு வாழ்கிறவள் நான். ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் வகுப்புகளில் அதைச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் வரவில்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜோர்ஜினா என்ற பெண்பிள்ளை தன்னை ஜோர்ஜ் என்றுதான் கூப்பிடச் சொல்லுவாள். அவளுடைய நாய் டிம்மியை வீட்டில் வைத்திருக்கப் பெற்றோர் விடவில்லை. அதனால் அல்ஃப் என்ற மீனவப் பொடியனிடம் கொடுத்து வளர்க்கிறாள். அவளுக்குக் கிடைக்கும் கைக்காசு முழுவதும் டிம்மியின் சாப்பாட்டுக்குப் போய்விடும். மற்றப் பிள்ளைகள் ஐஸ்கிறீம் நீட்டினால் திருப்பி வாங்கிக் கொடுக்க வழியில்லையே என்று வேண்டாம் என்பாள். அப்படிப்பட்ட நாயை வளர்த்தவன் அல்ஃப். தீவுக்குப் போய்ச் சாகசம் செய்யும் ஐந்து பேர் ஜோர்ஜ், அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரங்கள் ஜூலியன், டிக், ஆன், பிறகு டிம்மி. அந்த ஐந்து பேரில் அவன் இல்லை. நாய் இருக்கிறது, நாயை வளர்த்தவன் இல்லை. புத்தகத்தின் முடிவில் டிம்மி ஜோர்ஜின் வீட்டுக்கே போய்விடுகிறது.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து எங்கள் விறாந்தைப் பிள்ளைகள் அந்தத் தொடரை மாற்றி எழுதத் தொடங்கினார்கள். இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று அக்கரைப்பற்றிலும் களுவாஞ்சிக்குடியிலும் இருக்கும் ரீச்சர்மார் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்த தொடர் வேறாக இருந்தாலும் வழி இதுதான்.

முதலில் ஒரு கொப்பி வேண்டும். 80 பக்கக் கொப்பி போதும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மனக்குறைக் கொப்பி. வாசிக்கும்போது எந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கவில்லையோ அது இதில் போகும். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று எழுதாமல் ஒரு குறையும் எழுதக்கூடாது. நினைவை நம்பினால் இல்லாத ஒன்றோடு சண்டை பிடிப்போம். இந்தப் பிள்ளைகள் எந்நேரமும் ஜிஞ்சர் பியர் குடிப்பதைப் பற்றி "லாஷிங்ஸ் ஒப் ஜிஞ்சர் பியர்" என்று ஒரு வாக்கியத்தை உலகமெல்லாம் சொல்லுவார்கள். நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த வாக்கியம் 21 புத்தகத்தில் ஒன்றிலும் இல்லை. 1982இல் வந்த ஒரு தொலைக்காட்சி நையாண்டியில் வந்தது அது. பக்க எண் கேட்கும் கட்டுப்பாடு இருந்திருந்தால் நான் அந்தப் பிழையை விட்டிருக்கமாட்டேன்.

குறைகள் இரண்டு வகைப்படும். ஒன்று பிழை. அல்ஃப் பின்னால் வரும் புத்தகங்களில் ஜேம்ஸ் ஆகிவிடுகிறான். வயதும் அப்படித்தான். முதல் புத்தகத்தில் ஜூலியனுக்கு 12. ஒரு விடுமுறைக்கு ஒரு சாகசம், வருடத்துக்கு மூன்று விடுமுறை என்று எங்கள் பிள்ளை ஒருத்தி கணக்குப் பார்த்தாள். 21 சாகசம் முடிய ஏழு வருடம் போகும், ஜூலியனுக்கு 19 வயதாகிவிடும். இப்படிப்பட்டதை வெட்கப்படாமல் எழுதி வையுங்கள். டின்டின் சித்திரக்கதைகளில் பிரித்தானியாவில் நடக்கும் ஒன்று உண்டு. அதில் அந்த நாட்டைப் பற்றி 131 பிழைகள் இருப்பதாக ஆங்கிலப் பதிப்பாளர்கள் பட்டியல் அனுப்பினார்கள். வரைந்த எர்ஜே தன் உதவியாளரை நேரே அனுப்பி இடங்களைப் பார்த்துவரச் செய்து, முழுப் புத்தகத்தையும் திரும்ப வரைந்தார். 1966இல் அது புதிதாக வந்தது.

மற்ற வகை, மனத்தில் தைத்தது. அல்ஃபை விட்டுவிட்டுப் போவது பிழை அல்ல. கதை அதனால் எங்கும் இடறவில்லை. ஆனால் நாவலடிப் பொடியனுக்குத் தைத்தது. மாற்றி எழுதத் தகுந்தது இந்த வகைதான். பிழையைத் திருத்த ஒரு மணித்தியாலம் போதும், தைத்ததை மாற்ற ஒரு வருடம் வேண்டும்.

அடுத்தது ஆணி பார்ப்பது. இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். தொடரை ஒரு தோணியாக நினைத்து, எந்த ஆணியைப் பிடுங்கினால் பலகை கழரும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி ஒரு பெரிய தாள் செய்து சுவரில் தொங்கவிட்டோம். தீவு, இடிந்த கோட்டை, நாய், ஜோர்ஜின் தகப்பன் குவென்டினின் முன்கோபம், விடுமுறை, விடுதிப் பாடசாலை, பெரியவர்கள் பக்கத்தில் இல்லாதது என்று எல்லாவற்றையும் அதில் எழுதினோம். பிறகு ஒன்றைக் கையால் மறைத்துவிட்டுக் கேட்போம். இது இல்லாவிட்டால் கதை நடக்குமா? கோட்டை இல்லாமல் நடக்கும். தீவு இல்லாமலும் நடக்கிறது, தொடரின் பல புத்தகங்களில் அந்தத் தீவே வராது. நாய் இல்லாமல் நடக்காது. பெரியவர்கள் பக்கத்தில் இருந்தாலும் நடக்காது. "ஐந்து" என்ற எண்ணும் ஆணி என்றுதான் முதலில் நினைத்தோம், எல்லாத் தலைப்பிலும் அது இருக்கிறது.

அல்ஃப் வந்தால் ஆறு. இங்கேதான் எங்கள் முதல் முயற்சி உடைந்தது. டிக்கை எடுத்துவிடுவோம், அவனுக்கென்று ஒன்றும் இல்லைதானே என்று பெரிய பிள்ளைகள் சொன்னார்கள். டிக்கை விரும்பும் சின்னவள் ஒருத்தி கொப்பியை மூடிவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். பிழை என்னுடையது. ஒரு வாசகரின் விருப்பத்தை இன்னொரு வாசகரின் மனக்குறைக்குப் பலி கொடுக்க நான் விட்டிருக்கக்கூடாது. அன்று முதல் யாரையும் கழிக்கக்கூடாது, கூட்டலாம் என்று வைத்துக்கொண்டோம். ஆறு என்றால் ஆறுதான்.

இனி உண்மையான வேலை. ஒரே ஒரு மாற்றத்தை எடுத்து, அது போகுமிடமெல்லாம் பின்னால் போவது. பத்து மாற்றம் செய்ய ஆசை வரும், விடாதீர்கள். அல்ஃப் தோணியில் ஏறுகிறான், அவ்வளவுதான் எங்கள் மாற்றம். ஏறியதும் என்னவெல்லாம் ஆடுகிறது பாருங்கள்.

தீவைச் சுற்றிப் பாறைகள். அவற்றுக்குள்ளால் தோணி விடத் தெரிந்தவள் ஜோர்ஜ். அது அவளுடைய பெருமை. மீனவப் பொடியன் ஏறினால் தோணியை அவன்தானே ஓட்டுவான், அவள் சும்மா இருக்க வேண்டியதுதானா? பெண்பிள்ளைகள் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். விறாந்தை வாங்கைக் கவிழ்த்துத் தோணியாக்கினோம், விளக்குமாற்றுத் தடி சவள், அதாவது துடுப்பு ஆயிற்று. நாவலடிப் பொடியன் கடையாரில், தோணியின் பின்பக்கத்தில் இருந்தான். ஒருத்தியை முன்பக்கத்தில், அணியத்தில் இருத்தினான். "முன்னுக்கு இருக்கிற ஆள் பாறையப் பார்த்துக் கைய நீட்டணும். பின்னுக்கு இருக்கிற ஆள் முகத்துல காத்துப் பிடிச்சுப் பார்த்துச் சவளப் போடணும். ரெண்டு பேரும் கதைக்கக் கூடாது, கையாலதான்." அவள் இடப்பக்கம் கையை நீட்டினாள், அவன் தடியைத் திருப்பினான். மூன்று முறை செய்துபார்த்தார்கள். பாறை அவளுக்குத் தெரியும், காற்று இவனுக்குத் தெரியும். அந்தக் காட்சியை அன்றே எழுதி முடித்தோம். எங்கள் புத்தகத்தில் இதைவிட நல்ல பக்கம் இல்லை என்பேன். நடித்துப் பார்க்காமல் எந்தக் காட்சியையும் மாற்றாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிறகு காசு. கூட்டாளி ஆனபின் ஜோர்ஜ் அவனுக்கு நாய்ச் சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பது சரியா? கொடுக்கக்கூடாது என்றார்கள் டவுன் பிள்ளைகள். பொடியன் சொன்னான்: "நாய்க்குச் சோறு போடக் காசு வேணும்தானே. காசு வாங்கினா கூட்டாளி இல்லையா?" காசு கதையில் அப்படியே இருக்கிறது.

நாங்கள் எதிர்பாராமல் வந்த விளைவு ஒன்று. மற்றப் பிள்ளைகள் விடுதிப் பாடசாலைக்குப் போய் விடுமுறைக்குத்தான் வருவார்கள். அல்ஃப் எந்நாளும் கரையில் இருப்பவன். அப்படியென்றால் தவணை நடந்த மாதங்களில் அந்தக் கடலில் யார் வந்தார், எந்தத் தோணி இரவில் வெளிச்சமில்லாமல் போனது என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். இப்போது ஒவ்வொரு கதையும் அல்ஃப் சொல்லும் செய்தியோடு தொடங்குகிறது. ஒரு மாற்றம் சரியானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இதுதான்: அது தொடருக்குப் புதிதாக ஒரு கதவைத் திறக்கிறதா?

சொற்களை மட்டும் மாற்றுவதில் நேரத்தைக் கொட்டாதீர்கள். 2010இல் ஹொடர் பதிப்பகம் இதே தொடரை இன்றைய பிள்ளைகளுக்கு ஏற்றபடி என்று சொல் சொல்லாகத் திருத்தியது. "மதர் அன்ட் ஃபாதர்" என்பது "மம் அன்ட் டாட்" ஆனது. வாசகர்கள் ஏற்கவில்லை. 2016இல் பதிப்பகமே அது சரிவரவில்லை என்று பழைய சொற்களுக்குத் திரும்பியது. பெட்டியை மாற்றிவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே விட்டால் யாருக்கும் திருப்தி வராது. ஆன் மட்டும் எந்நேரமும் சமையலும் துப்பரவும் பார்ப்பது எங்கள் கொப்பியில் பதினொரு முறை வந்திருந்தது. அதற்குச் சொல்லை மாற்றி என்ன செய்வது, சட்டியைக் கழுவ ஜூலியனை எழுப்ப வேண்டும். எழுப்பினோம்.

தாய்மாரையும் ஒரு நாள் கூப்பிட்டு வாசித்துக் காட்டுங்கள். எங்கள் பிள்ளைகள் 2004 சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். தாய்மார் அப்படியில்லை. ஒரு தாய் கேட்டா: "இந்தப் பிள்ளையள் கடலுக்குப் போனது ஆருக்குத் தெரியும்?" யாரும் பேசவில்லை. பெரியவர்கள் பக்கத்தில் இல்லாதது ஆணி, அதைப் பிடுங்க முடியாது. ஆனால் ஒருவருக்குத் தெரிந்திருக்கலாம்தானே. அல்ஃபின் அம்மம்மாவை நாங்களே உண்டாக்கினோம். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று அவவிடம் சொல்லிவிட்டுத்தான் தோணி தள்ளுவார்கள். அவ தடுக்கமாட்டா, கரையில் வலைக்குக் கண் போட்டுக்கொண்டு இருப்பா.

எங்கள் பகுதிக்கு இந்த வேலை புதிதல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். விடியவிடிய ஆடிய வடமோடிக் கூத்தை 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் மேடைக்காகச் சுருக்கி எடுத்தார். ஆட்டமும் மத்தளமும் ஆணி, இரவின் நீளம் ஆணி அல்ல என்று அவர் கண்டார். சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் நடந்தபோது ஆடுகிறவர்களும் ஊராரும் கூடியிருந்து பேசிப் பேசித்தான் மாற்றினார்கள். எங்கள் விறாந்தைக்கும் அதே முறைதான்.

எழுதும் ஒழுங்கு சுருக்கமாக. ஒரு காட்சிக்கு இரண்டு பேர், ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுவார். அடுத்த கிழமை வேறு இருவர் உரத்து வாசிப்பார்கள். வாசிப்பவர் தடுக்கும் இடத்தில் கோடு. அறுபது பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். முடிந்ததும் ஊசி நூலால் நடுவில் தைத்து மட்டை போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தைத்த புத்தகம் விறாந்தைக்குள்ளேயே இருக்கட்டும். அச்சடித்து விற்கவோ எல்லாருக்கும் போட்டோக்கொப்பி எடுத்துப் பரப்பவோ கூடாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கிறது. பிளைட்டன் இறந்தது 1968இல், ஆகவே 2038 முடியும்வரை ஜோர்ஜும் டிம்மியும் எங்களுடையவர்கள் அல்ல. வெளியே கொண்டுபோக விருப்பம் என்றால் நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயர், இடம், ஆட்கள் எல்லாவற்றையும் சொந்தமாக உண்டாக்கி முதல் வரியிலிருந்து தொடங்குங்கள்.

எங்கள் பிள்ளைகள் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். இடம் மட்டக்களப்பு வாவி. பாலமீன்மடு வெளிச்சவீடு இருக்கிறது, கல்லடிப் பழைய பாலம் இருக்கிறது, கண்டல் மூடிய பெயரில்லாத திட்டி ஒன்றும் இருக்கிறது. போன சனிக்கிழமை முதல் காட்சியை வாங்கில் நடித்துப் பார்த்தார்கள். பூரணை இரவு, பாலத்தடியில் தோணி. பொடியன் சவளின் அடியைத் தண்ணீருக்குள் விட்டு, நுனியைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்கிறான். பாட்டு நடுவில் நின்றுபோகிறது. கீழே ஏதோ போகிறது என்று கையைக் காட்டுகிறான். அணியத்தில் இருப்பவள் எந்தப் பக்கம் கையை நீட்டுவாள் என்பதில் இன்னும் முடிவு வரவில்லை. இந்தச் சனிக்கிழமை திரும்பவும் வாங்கைக் கவிழ்க்க வேண்டும்.