அரசு சேவைக்குக் கூடுதல் பணம் வாங்கும் போலித் தோற்றத் தளங்களைத் தவிர்ப்பது எப்படி?

கடவுச்சீட்டு, விசா, வரி எண், தொழில் பதிவு என எந்த அரசு சேவைக்கு விண்ணப்பிக்க நினைத்தாலும், நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்வது அதன் பெயரைத் தேடுபொறியில் தட்டச்சு செய்வதுதான். ஆனால் தேடல் முடிவில் முதலாவதாக வந்து நிற்பது அரசின் தளமாகத்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அரசுத் தளத்தைப் போன்ற நிறமும், அரசுச் சின்னத்தை ஒத்த படமும் வைத்துக்கொண்டு, அரசு குறைந்த கட்டணத்திலோ இலவசமாகவோ தரும் ஒன்றைப் பல மடங்கு விலைக்கு விற்கும் தனியார் தளங்கள் ஏராளமாக உள்ளன. அவற்றில் பல, நீங்கள் தரும் விவரங்களை உண்மையிலேயே அரசின் படிவத்தில் நிரப்பி அனுப்பியும் விடுகின்றன. வேலை முடிந்துவிடுவதால், தேவையில்லாமல் பணம் கொடுத்தோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. வேறு சில தளங்கள் பணத்தையும் ஆவணங்களையும் வாங்கிக்கொண்டு மௌனமாகிவிடும். இரண்டு வகையிலிருந்தும் தப்பிக்கக் கீழ்க்காணும் படிகளைப் பின்பற்றுங்கள்.

படி 1: உண்மையான கட்டணத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

படிவத்தைத் திறப்பதற்கு முன்பே, அந்தச் சேவைக்கு அரசு எவ்வளவு வாங்குகிறது என்பதை அந்தத் துறையின் பக்கத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பல சேவைகளுக்குக் கட்டணமே கிடையாது. இந்தியாவில் சிறு, குறு தொழில்களுக்காக 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். அமெரிக்காவில் நிறுவனங்களுக்கான வரி அடையாள எண்ணை அந்நாட்டு வரித்துறை இலவசமாகவே தருகிறது. பிரிட்டனில் வெளிநாட்டுப் பயணத்தின்போது பயன்படும் சுகாதாரக் காப்பீட்டு அட்டையும் இலவசம்தான். கனடாவுக்கு விமானத்தில் செல்வோருக்கான மின்னணுப் பயண அனுமதிக்கு அந்நாட்டு அரசு வாங்குவது 7 கனடிய டாலர் மட்டுமே. இந்த நான்குக்கும் பணம் கேட்கும், அல்லது பல மடங்கு கூடுதலாகக் கேட்கும் இடைத்தரகர் தளங்கள் இருக்கின்றன. சரியான தொகை உங்கள் கையில் இருந்தால், தவறான தொகை திரையில் தோன்றும்போதே நீங்கள் நின்றுவிடுவீர்கள்.

படி 2: விளம்பர முடிவுகளைத் தாண்டிச் செல்லுங்கள்

தேடல் முடிவுகளின் உச்சியில் "விளம்பரம்" அல்லது "ஸ்பான்சர்டு" என்ற குறிப்போடு வருபவை, பணம் கொடுத்து இடம் பிடித்தவை. அரசு ஆவணங்களுக்கான விளம்பரங்களை அரசோ அரசின் அனுமதி பெற்றவரோ மட்டுமே தரலாம் என்று கூகுள் விதி வைத்திருக்கிறது. இருந்தும் அந்த வலையில் சிக்காமல் நழுவி வருபவை உண்டு. குறுஞ்செய்தியிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் இணைப்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். செயலியாக இருந்தால், பதிவிறக்கும் முன் அதை வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள்.

படி 3: முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

இந்தப் படிக்குச் சற்று நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் மற்ற எல்லாவற்றையும் விட இதுவே உங்களைக் காப்பாற்றும். உலாவியின் முகவரிப் பட்டையில் சொடுக்கி, முழு முகவரியையும் தெரியச் செய்யுங்கள். தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்வுக்கோட்டைத் தாண்டிய பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்வுக்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கோட்டுக்கு உடனடியாக இடப்பக்கம் இருக்கும் துண்டுகள்தான் தளத்தின் உண்மையான உரிமையாளரைக் காட்டும். கடிதத்தின் மேல் எழுதும் முகவரியில் ஊர்ப் பெயர் கடைசியில் வருவதைப் போல, இங்கும் கடைசியில் வருவதுதான் இடத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு கற்பனை முகவரியை எடுத்துக்கொள்வோம்: "பாஸ்போர்ட்.ஜிஓவி.இன்.அப்ளைநவ்.காம்/படிவம்". முதல் பார்வையில் "ஜிஓவி.இன்" (gov.in) என்ற எழுத்துகள் கண்ணில் பட்டு நம்பிக்கை தருகின்றன. ஆனால் சாய்வுக்கோட்டுக்கு இடப்பக்கம் கடைசியாக இருப்பது "அப்ளைநவ்.காம்". ஆகவே இது அந்தப் பெயரைப் பதிவுசெய்த யாரோ ஒருவரின் தளம். அதற்கு முன்னால் அவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். "ஜிஓவி-பாஸ்போர்ட்.காம்" என்று இடைக்கோடு போட்டு எழுதுவதும் இதே தந்திரம்தான். உண்மையான அரசு முகவரியில் "ஜிஓவி" என்பதற்கு முன்னால் புள்ளியும், பின்னால் புள்ளியோ சாய்வுக்கோடோதான் இருக்கும், இடைக்கோடு இருக்காது.

பல நாடுகளில் அரசுக்கென்றே ஒதுக்கப்பட்ட முடிவுகள் உள்ளன. தனியார் எவரும் அவற்றைப் பதிவுசெய்ய முடியாது. இந்தியாவுக்கு "ஜிஓவி.இன்", இலங்கைக்கு "ஜிஓவி.எல்கே", சிங்கப்பூருக்கு "ஜிஓவி.எஸ்ஜி", மலேசியாவுக்கு "ஜிஓவி.எம்ஒய்", பிரிட்டனுக்கு "ஜிஓவி.யுகே", அமெரிக்காவுக்கு வெறும் "ஜிஓவி". எல்லா நாடும் இந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்: கனடா அரசின் முதன்மைத் தளம் "கனடா.சிஏ" என்ற பெயரில் இயங்குகிறது, பிரான்சு "ஜிஓயுவி.எஃப்ஆர்" (gouv.fr) என்பதைப் பயன்படுத்துகிறது. வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்நாட்டு வழக்கம் என்ன என்பதை அதன் தூதரகப் பக்கத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுச் சின்னத்தை நம்பாதீர்கள். உங்களுக்கும் தளத்துக்கும் இடையில் செல்லும் தகவல் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்படுகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எதிர்முனையில் இருப்பவர் நேர்மையானவரா என்பதை அது சொல்வதில்லை. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023 செப்டம்பரில் குரோம் உலாவி அந்தச் சின்னத்தைக் கைவிட்டது.

படி 4: தனியார் தளமாக இருந்தால், அரசுப் பக்கம் வழியாகவே செல்லுங்கள்

தனியார் முகவரி என்பதாலேயே ஒரு தளம் தவறானது என்று முடிவு செய்துவிடக் கூடாது. பல நாடுகள் விசா விண்ணப்பங்களைப் பெறும் பணியை விஎஃப்எஸ் குளோபல் போன்ற நிறுவனங்களிடம் ஒப்படைத்துள்ளன. இந்தியாவில் பான் அட்டை விண்ணப்பங்களை வருமான வரித்துறையின் சார்பில் புரோட்டியன், யுடிஐஐடிஎஸ்எல் ஆகிய இரு நிறுவனங்கள் பெறுகின்றன. இத்தகைய இடங்களில் சரியான வழி ஒன்றுதான்: துறையின் அரசு முகவரியைத் திறந்து, அங்கே கொடுக்கப்பட்டிருக்கும் இணைப்பைச் சொடுக்கி அந்த நிறுவனத்தின் தளத்துக்குச் செல்லுங்கள். நிறுவனத்தின் பெயரைத் தனியாகத் தேடிச் சென்றால், அதே பெயரைச் சற்றே மாற்றி வைத்திருக்கும் மற்றொருவரின் தளத்தில் போய் நிற்க நேரிடலாம்.

படி 5: பக்கத்தின் அடிப்பகுதியைப் படியுங்கள்

சட்டச் சிக்கலைத் தவிர்க்க விரும்பும் இடைத்தரகர் தளங்கள், தாங்கள் அரசு அல்ல என்பதை எங்காவது எழுதி வைத்திருக்கும். பக்கத்தின் கடைசிவரை இறங்கிப் பாருங்கள்: வெளிர் சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், "நாங்கள் எந்த அரசுத் துறையுடனும் தொடர்புடையவர்கள் அல்லர், எங்கள் கட்டணத்தில் பரிசீலனைச் சேவை அடங்கும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். மேலே பெரிய பொத்தானும், கீழே கண்ணுக்குத் தெரியாத மறுப்பும் வைப்பது தற்செயலான வடிவமைப்பு அன்று. "இன்னும் பத்து நிமிடத்தில் வாய்ப்பு முடிகிறது" என்று ஓடும் கடிகாரம், கூடுதல் பணத்துக்கு நிச்சய ஒப்புதல் என்ற வாக்குறுதி ஆகியவற்றைக் கண்டால் உடனே வெளியேறுங்கள். விரைவுச் சேவைக்கு அரசே தனிக் கட்டணம் வாங்குவதுண்டு. ஆனால் ஒப்புதலை எந்த இடைத்தரகராலும் விலைக்கு வாங்கித் தர முடியாது.

படி 6: பணம் செலுத்தும் திரையில் மீண்டும் ஒருமுறை நிறுத்துங்கள்

அரசுக் கட்டணமும் சேவைக் கட்டணமும் தனித்தனியாகக் காட்டப்பட்டுள்ளனவா, பணத்தைப் பெறுபவர் யார், மொத்தத் தொகை நீங்கள் குறித்து வைத்ததோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். படிவத்தை நிரப்ப ஒருவரின் உதவி உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படலாம், அதற்குக் கூலி கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கூலி எவ்வளவு என்பது தெரிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும். பணத்தை விடவும் எனக்குக் கவலை தருவது ஆவணங்கள்தான். கடவுச்சீட்டின் படம், பிறந்த தேதி, கையொப்பம் ஆகியவை ஒருமுறை வெளியே போய்விட்டால், அவற்றைத் திரும்பப் பெற எந்த வழியும் இல்லை.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டிருந்தால்

முதலில் அந்தத் தளம், ரசீது, மின்னஞ்சல் அனைத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இத்தகைய தளங்கள் பெயர் மாற்றிக்கொண்டு மறைவது வழக்கம். அடுத்து, கார்டு வழங்கிய வங்கியை அழைத்துப் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிடுங்கள். தளம் சந்தேகத்துக்குரியது என்றால் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற எண்ணில் உடனடியாகப் புகார் செய்யலாம். பிறகு துறையின் உண்மையான தளத்துக்குச் சென்று, உங்கள் பெயரில் விண்ணப்பம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தால், பெயரின் எழுத்துகள், பிறந்த தேதி, கடவுச்சீட்டு எண் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இடைத்தரகர் செய்த எழுத்துப்பிழைக்கு விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பதிவாகவில்லை என்றால், பணம் திரும்ப வரும்வரை காத்திராமல் அரசுத் தளத்தில் நேரடியாகப் புதிதாக விண்ணப்பித்துவிட்டு, அந்த முகவரியை உலாவியில் புக்மார்க் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.